உறுப்பினரின் வீட்டுக்காரர்

"உறுப்பினருங்க மட்டுந்தான் சார் உள்ள போகலாம்" என்று நகரசபைப் பியூன் கதவை மறித்ததும் ஹார்டுவேர் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யோவ், நான்தான்யா உறுப்பினர்!"

"உறுப்பினர் அக்காதான். நீங்க அவங்க வீட்டுக்காரர். இன்னிலேருந்து புது உத்தரவு."

வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது மனைவியை நிறுத்தி ஜெயிக்க வைத்தவர் அவர். அன்றிலிருந்து அவளுடைய நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருப்பவரும் அவர்தான். இன்றைக்கென்று பார்த்தா உத்தரவு வரவேண்டும்? பஸ் நிறுத்தம் எங்கே என்று முடிவாகும் நாள்! கடை வாசலுக்கு வந்தால் வியாபாரம் பிழைக்கும். இல்லையென்றால் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் குந்த வேண்டியதுதான்.

மனைவியை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"தலைவர்கிட்ட எல்லாம் பேசியாச்சு. நீ வாயக் குடுத்து மாட்டிக்காத. எது கேட்டாலும் 'சரி'ன்னு மட்டும் சொல்லு."

"சரிங்க" என்று அவள் உள்ளே போனாள். எவ்வளவு அடக்கம் என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டார்.

"உங்க வார்டு பஸ் நிறுத்தத்தைப் பள்ளிக்கூட வாசல்ல வச்சிடலாமா?" என்றார் தலைவர்.

"சரி."

அடப்பாவி! பேசினது என்ன, கேட்கிறது என்ன?

"மெயின் ரோட்டுச் சாக்கடைய மூடணும். கடைக்காரங்க இழுத்து விட்டிருக்கிற கூரையெல்லாம் பிரிச்சிடலாமா?"

"சரி."

அந்த ரோட்டிலேயே நீளமான கூரை அவருடையது. டீ கொண்டுபோன பியூனைப் பாய்ந்து பிடித்தார்.

"அவ காதுல சொல்லு. இனிமே எதுக்கும் 'வேண்டாம்'தான்!"

பியூன் டீயை வைத்துக் குனிந்து எழுந்தார். தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"பள்ளிக்கூட மைதானத்துல பாதிய சரக்கு லாரி நிறுத்த விடலாமா?"

"வேண்டாம்."

கடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அலையாய் அலைந்து அவரே போட்ட மனு அது.

"பொதுக் குழாயடியில உங்க வீட்டுக்காரர் குடோன் கட்டணுமாம். இடம் தரலாமா?"

"வேண்டாம்."

"ஐயோ, சரின்னு சொல்லுடி!" என்று ஜன்னலை உலுக்கினார். உள்ளே மேஜையைத் தட்டிய சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. கூட்டம் முடிந்தது.

மனைவி முந்தானையைச் சரிசெய்தபடி வெளியே வந்தாள். "நீங்க சொன்ன ரெண்டு வார்த்தைக்கு மேல நான் ஒண்ணுமே பேசலைங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரே கூட்டத்தில் எல்லாம் போயிற்று!

"அந்தத் தலைவன் வேணும்னே கேள்விய மாத்திப் போட்டுக் கவுத்துட்டான்யா! இவ பாவம், ஒண்ணும் தெரியாதவ" என்று பியூனிடம் புலம்பினார்.

பியூன் டீ கிளாஸ்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "கேள்விய வரிசைப்படுத்திக் குடுத்ததே அக்காதான் சார், 'ரெண்டாவது கேள்வியிலேயே அவரு பதறிப்போய் ஆள் அனுப்புவாரு, வேண்டாம்னு சொல்ல வேண்டியதையெல்லாம் அதுக்கப்புறம் வைங்க'ன்னு நேத்தே தலைவர்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க."