குருவம்மாள் மகன் மேல் ஒரு திருட்டுப் புகார்

வண்டன்மேட்டில் திருடர்கள் போதவில்லை என்பது ஒரு குறையென்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. இளைஞர் குற்றத் தடுப்பு ஆய்வுத் திட்டத்தின் ஆய்வாளர் மோகனசுந்தரம், பாலக்காட்டுக்குக் கிழக்கே ஓர் ஊரிலிருந்து பை நிறையக் கேள்விகளோடு மலையேறி வந்த பிறகுதான் அந்தக் குறை வெளிச்சத்துக்கு வந்தது.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். திருட்டில் இறங்கிய இளைஞரைத் தேடிப் பிடித்து, ஏன் திருடினீர்கள் என்று மரியாதையாக விசாரித்து, இனித் திருடாதிருக்கும் பொருட்டு இலவசமாக வண்டி ஓட்டப் பழக்கி லைசன்ஸும் வாங்கிக் கொடுப்பார்கள். திருடாத இளைஞருக்கு ஒன்றும் கிடையாது. அவர்கள்தான் ஏற்கெனவே திருடாமல் இருக்கிறார்களே, அவர்களிடம் தடுப்பதற்கு என்ன இருக்கிறது?

ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிற குருவம்மாளுக்கு இந்த நியாயம் சட்டென்று பிடிபட்டது. அவள் கூலியில் டிரைவிங் ஸ்கூலை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. மகன் பாண்டித்துரையோ ஊரார் ஜீப்பைக் கழுவியே இருபது வயதை எட்டிவிட்டான். இதையும் விட்டால் அவன் ஆயுசுக்கும் கழுவிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று அவள் மோகனசுந்தரத்தைத் தேடிப் போனாள்.

"சார், எம்மகனைச் சேத்துக்கங்க. தங்கமான பய."

"அதுதானுங்க இடிக்குது," என்று மோகனசுந்தரம் மெய்யாகவே வருத்தப்பட்டார். "தங்கமா இருந்தா எங்க திட்டத்துல எடமில்லீங்க. சின்னதா ஒரு திருட்டாச்சும் இருக்கோணும். ஆளே கெடைக்கலீன்னா திட்டத்தையே வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க."

மறுநாள் குளித்து, திருநீறு பூசி, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு பாண்டித்துரை திருடக் கிளம்பினான். பட்டப்பகலில், அம்மாவின் முதலாளி அழகுமலையின் ஸ்டோருக்குள் நுழைந்தான். ஏலக்காயை உலர்த்தி வைக்கிற அந்த ஸ்டோருக்குக் கதவு உண்டு, பூட்டு கிடையாது. ஒரு மூட்டையைப் புரட்டித் தூக்கத் திணறும்போது முதலாளியே வந்துவிட்டார். மூட்டையோடு மல்லுக்கட்டுகிறவனைக் கண்டால், எதற்கு என்று கேட்பதற்கு முன் கைகொடுத்துத் தூக்கிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

"ஒத்தையில தூக்காதப்பா, இடுப்புப் பிடிச்சுக்கும்," என்று தலையில் ஏற்றிவிட்டார். "காயை ஏலம் விடுற சென்டருக்குத்தான? அப்படியே எம்பேருல எறக்கி வச்சுட்டு வந்துரு."

பாண்டித்துரை இறக்கி வைத்துவிட்டு வந்தான்.

"பறிகொடுத்தவரு என்ன சொன்னாருங்க தம்பி?" என்று ஆவலாகக் கேட்டார் மோகனசுந்தரம்.

"டீ வாங்கிக் குடுத்தாரு சார்."

"டீயெல்லாம் கணக்குல வராதுங்க. புகார் வேணுமுங்க."

குருவம்மாள் அழகுமலையிடம் ஓடினாள். "முதலாளி, எம்மகன் திருடிட்டான்னு ஒரு புகார் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"மனசறிஞ்சு எப்படிக் குடுப்பேன் குருவம்மா? பூ மாதிரிப் பிள்ளை."

"பூவா இருந்து என்ன செய்ய? லைசன்ஸ் வேணுமில்ல!"

அழகுமலை இளகிய மனசுக்காரர். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் தம் கைப்படவே எழுதிக் கொடுத்தார். வெறும் மூட்டைத் திருட்டு எடுபடாமல் போய்விட்டால் பாவமே என்று, கத்தியைக் காட்டி மிரட்டினான் என்பதையும் யாரும் கேட்காமலே சேர்த்துக்கொண்டார். குருவம்மாள் கண்கலங்கிக் கும்பிட்டாள். சேதி பரவியதும் மற்றத் தாய்மாரும் அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அவர் கொடுத்த புகார்களைக் கூட்டினால், அந்த ஸ்டோர் பல தடவை சுத்தமாகக் காலியாகியிருக்க வேண்டும்.

புகாரைக் கண்டதும் மோகனசுந்தரம் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள, பாண்டித்துரை திருந்தி, லைசன்ஸோடு வந்தான். அந்தச் சமயம் பார்த்து அழகுமலையின் ஜீப் டிரைவர் வேலையை விட்டு மலையிறங்கிக் கம்பத்துக்குப் போய்விட்டார். குருவம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

"முதலாளி, நம்ம ஜீப்பைப் பயகிட்டயே குடுத்துருங்க."

அழகுமலை வேறு பக்கம் பார்த்தார். "தப்பா நினைக்காத குருவம்மா. ஏலக்காய் ஏத்துற வண்டி. கத்தியக் காட்டுன பயலை நம்பி எப்படி அனுப்ப?"

"அப்படி எழுதுனதே நீங்கதான முதலாளி!"

"அதான் சொல்றேன். எங்கைப்பட எழுதிக் குடுத்ததை நானே நம்பலைன்னா வேற யாரு நம்புவா?"

ஸ்டோர் கதவில் புதுப்பூட்டு தொங்கியது. ஊரில் அநேகமாக எல்லாக் கதவிலும் தொங்கியது. "ஆய்வின் பயனாக இப்பகுதி மக்களிடையே பாதுகாப்பு குறித்த விழிப்புணர்வு பாராட்டத்தக்க அளவில் உயர்ந்துள்ளது" என்று மோகனசுந்தரம் மேலிடத்துக்குத் தெரிவித்தார். திட்டம் மேலும் நீட்டிக்கப்பட்டது.

குருவம்மாள் வழியெல்லாம் முதலாளியைத் திட்டித் தீர்த்தபடி வீட்டுக்கு வந்தாள். இவரெல்லாம் ஒரு மனுசரா, பெத்த பிள்ளை மாதிரி வளைய வந்தவனைப் போய்ச் சந்தேகப்படுகிறாரே! வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் கத்தியைக் காணோம்.

"கத்தியை எங்கடா வச்ச?"

"நான் எதுக்கும்மா எடுக்கப் போறேன்?" பாண்டித்துரை வெங்காயக் கூடையைத் தூக்கி, அடியில் கிடந்த கத்தியை எடுத்து நீட்டினான்.

அவன் கையிலிருந்த கத்தியை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாங்கி வெங்காயத்தை நறுக்கினாள். அவன் முகம் கழுவ வெளியே போனதும், இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து அரிசிப் பானைக்குள் ஆழப் புதைத்து வைத்தாள்.