அல்பாகா கோட்டில் ஒரு கிளி

கைவேலை சிலருக்குக் கையில் வரும், சிலருக்கு வாயில்தான் வரும். நான் இரண்டாம் ரகம். ஊசியில் நூல் கோப்பதற்குள் எனக்கு ஒரு பொழுது போய்விடும்.

ஆனால் நான் கல்யாணத்துக்கு நின்ற காலத்தில், மயிலாப்பூரில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்ப்பார்கள். பாசிமணியில் கோத்த கிருஷ்ணனோ, கம்பளி நூலில் போட்ட நாய்க்குட்டியோ, எது தொங்கினாலும், "பொண்ணு போட்டதா?" என்று ஒரு கேள்வி வரும். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது அப்பாவின் குடை ஒன்றுதான்.

ஏற்கெனவே வந்த இரண்டு வரன்களும், "ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்" என்று போனவர்கள்தான், போனார்கள். (அதில் ஒருவருடைய ஊர் ராயப்பேட்டை. அங்கே போய்க் கடுதாசியா?) எனக்குப் பதினெட்டு வயது ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் அது பெற்றவளுக்குத் தூக்கம் போகிற வயது. மூன்றாவதாகத் திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் போட்டோவை நான் யாருக்கும் தெரியாமல் எத்தனை தரம் எடுத்துப் பார்த்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். இதுவாவது தட்டிப் போகாமல் இருக்கணுமே என்று பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுப் போட்டு முழங்கால் வீங்கிவிட்டது.

எனக்கென்று ஒரே ஒரு கைவேலை இருந்தது. அப்பா வருஷக்கணக்காக ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போன அல்பாகா கம்பளிக் கோட்டு, தோளில் கிழிந்துபோனது. தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. அதை வெட்டி, இலவம்பஞ்சு அடைத்து, சாய்ந்துகொள்ளத் திண்டு மாதிரி ஒரு கிளி தைத்தேன். கோட்டு கறுப்பு, ஆகவே கிளியும் கறுப்பு.

அன்று காலையிலேயே அம்மா அதை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். "வரவா கண்ணுல இந்தக் காக்கா பட்டுதோ, தொலைஞ்சோம்!" கிளி இருந்த இடத்துக்கு மேலே, கூடத்துச் சுவரில், பக்கத்து வீட்டுக் கோமளம் மாமியிடம் இரவல் வாங்கிய மணிவேலைப் படம் ஏறியது. கண்ணாடிச் சட்டத்துக்குள் தாமரைக் குளம், அதில் ஜோடியாக இரண்டு அன்னங்கள். மாமி முன்பு வேறு பேட்டையில் குடியிருந்தபோது ஒரு சிநேகிதி கொடுத்ததாம். எந்தப் பேட்டை, எந்தச் சிநேகிதி என்று கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்காவது தோன்ற வேண்டாமோ?

வந்தார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் ஆயிற்று, நான் பாடியதும் ஆயிற்று. (யாரும் எழுந்து போகவில்லை.) பையனின் அம்மா எழுந்து நேரே சுவரண்டை போய் நின்றார்.

"பொண்ணு போட்டதா?"

"அவளேதான்! ராப்பகலா உக்காந்துண்டு கோத்தா. போறும்டின்னா கேட்டாத்தானே!" என்றாள் அம்மா. (வாய்வேலை எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.)

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏண்டிம்மா, இந்த அன்னத்துக்குச் செகப்புக் கண்ணு. அதுக்கு மட்டும் பச்சைக் கண்ணு வெச்சிருக்கியே, ஏன்?"

அப்போதுதான் நானே அதைப் பார்த்தேன். "அது ஆண் அன்னம், மாமி" என்றேன். அதோடாவது வாயை மூடிக்கொண்டேனா? "ஆண் அன்னத்துக்குக் கண்ணு பச்சையாத்தான் இருக்கும். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அப்படியா! இத்தனை நாள் எனக்குத் தெரியாமப் போச்சே. கோமளத்துக்குன்னு நான் இதைப் போடறச்சே செகப்பு மணி தீந்துபோச்சு. அதான் பச்சையை வெச்சுக் கோத்தேன்."

அப்பா வெள்ளையடிக்க வந்தவர் மாதிரி உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காபி டம்ளரோடு அப்படியே சிலையாகிவிட்டாள். போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்ததும் எனக்குக் கண்ணில் ஜலம் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"சீ, அழாதே" என்றார் அவர், குரலைத் தணித்துக்கொண்டு. "உன் கையால நீயா எதுவுமே பண்ணினதில்லையா?"

இனிமேல் கெட்டுப்போக என்ன இருக்கிறது? "வேண்டாம்டி!" என்று அம்மா பல்லைக் கடிக்கக் கடிக்க, உள்ளே போய்க் கிளியை எடுத்துக்கொண்டு வந்தேன். அதன் மேலெல்லாம் தவிடு.

"அப்பாவோட கோட்டு மாமி. தூக்கிப் போட மனசு வரலை. அதான்..."

அவர் அதை வாங்கி, தவிட்டைத் தட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காக்கா நன்னாத்தான் இருக்கு."

"கிளி, மாமி" என்றேன்.

அதுவரை பஜ்ஜியைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்காத பையன், முதல் தடவையாகப் பேசினார். "கிளி மாதிரியேதான் இருக்கும்மா."

எனக்காக அத்தனை பேருக்கு நடுவில் இத்தனை துணிச்சலாக யாருமே பொய் சொன்னதில்லை. என் மனசு அங்கேயே போய்விட்டது. அவருடைய அம்மா பிள்ளையை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"பொய் சொல்றதுல ரெண்டு பேருக்கும் பொருத்தம் பிரமாதமா இருக்கு. இதுக்கு மேல ஜாதகம் வேற எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கையிலிருந்த காபியைத் தாமே வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்துக்குக் கோமளம் மாமி அந்த அன்னப் படத்தையே பரிசாகக் கொடுத்துவிட்டாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது நேரம் கழித்து வந்து காரணம் சொல்ல ஆரம்பித்தால், "ஆண் அன்னமா?" என்றுதான் கேட்பார்கள். கிளிக்குக் கண் வைக்க நான் மறந்திருந்தேன். அதற்கு மாமியாரே இரண்டு மணி தைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

போன மாசம் எங்கள் பேரனுக்குக் கல்யாணம் ஆயிற்று. புதுப்பெண் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தவள், "தாத்தா, உங்க முதுகுக்குப் பின்னால இருக்கற காக்காவைக் கொஞ்சம் கொடுங்கோ, வெயில்ல போடறேன்" என்றாள்.

சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"கிளி."