பக்கம் 112, ஒன்பதாம் கேள்வி

திருத்தங்கல்

மதிப்பிற்குரிய தேர்வு வழிகாட்டி ஆசிரியர் அவர்களுக்கு, முகம் தெரியாத பாண்டிமீனா வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் புத்தகம் அச்சாகும் பிரஸ்ஸில் தாள் மடிக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். தேர்வு எழுதுபவர்கள் ஒன்பதாம் கேள்வியை ஒரு முறை படிப்பார்கள். நான் ஒரு நாளில் ஆயிரம் முறை மடிக்கிறேன். ‘பறவைகள் பொதுவாகப் பறக்கும். நெருப்புக்கோழி பறக்காது. எனவே முதல் கூற்று பொய்.’ இந்த முடிவு தவறு, ‘எல்லாப் பறவைகளும்’ என்றிருந்தால்தான் ஒரு கோழி அதை உடைக்கும், ‘பொதுவாக’ என்றால் விதிவிலக்குக்கு இடமுண்டு என்று விடை போட்டிருக்கிறீர்கள். சரிதான். அது புரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

என் அம்மா மாரித்தாய் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறாள். அறைக்கு நாலு பேர் என்பது விதி. தீபாவளி சீசனில் ஆறு பேர். ஆறாவது அம்மா. அவள் கேட்டதற்கு போர்மேன் நல்லசிவம் அண்ணாச்சி, “பொதுவா நாலு பேருதான்க்கா. சீசனுக்குக் கிடையாது. எட்டு வருசமா ஒண்ணும் ஆகலைல்ல?” என்றாராம். ஆபீசர் ஜீப் வந்தால் அம்மாவும் ஐந்தாவது ஆளான கருப்பம்மாள் அத்தையும் வேப்பமரத்தடிக்கு ஓடி, தூக்குவாளியைத் திறந்து, சாப்பிடுவதுபோல் உட்கார வேண்டும். ஒரு நாள் காலை பத்து மணிக்குள் இரண்டு முறை மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது.

“அம்மா, ‘ஒண்ணும் ஆகாது’ வேற, ‘பொதுவா ஒண்ணும் ஆகாது’ வேற,” என்றேன்.

“ரெண்டும் ஒண்ணுதான் போடி.”

“இல்லம்மா. ரெண்டாவதுல ஆறு பேரு செத்தாலும் வாக்கியம் தப்பாகாது.”

“இம்புட்டு விவரமானவ எதுக்குடி பத்தாப்போட நின்ன?” என்றாள். ஆனால் பிசைந்த சோற்றை உண்ணாமல் மூடி வைத்துவிட்டாள்.

எனக்கு அண்ணாச்சியிடம் பேச வாய் வராது. அச்சடித்து வந்தால் அவர் நம்புவார். அந்த விடையைப் பெரிய எழுத்தில் தனித்தாளாகப் போட்டு அனுப்புங்கள். அம்மாவை வெளியே எடுக்க வேண்டும்.

உங்கள் புத்தகத்தைப் படித்தவர்கள் எல்லோரும், பொதுவாக, தேர்ச்சி பெற வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பாண்டிமீனா

பின்குறிப்பு: தனித்தாள் வேண்டாம். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, நின்றுவிட்டாள். சீசன் நடுவில் நின்றால் பதிலுக்கு ஆள் தர வேண்டும் என்றார் அண்ணாச்சி. எனக்கு வைகாசியில் பதினெட்டு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் ஆறாவது ஆள் நான். பதில் எழுதினால் அம்மா பெயருக்கே எழுதுங்கள்.