வண்டி ஏறாத ரோடு

வெர்மாண்ட் மலைநாட்டில் இருக்கும் எங்கள் பெனிமன் ஊருக்கு ஒரு நர்ஸம்மா உண்டு. பெயர் ரொவீனா கட்டிங். வீடு வீடாகப் போய் ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, பிரஷர் பார்ப்பது அவர் வேலை. பதினெட்டு வருஷம் அவரைச் சுமந்த ஊர் வண்டி, அடித்தட்டு துருப்பிடித்து உட்கார்ந்த இடத்திலிருந்தே ரோடு தெரிய ஆரம்பித்த பிறகு, போன பிப்ரவரியில் உயிரை விட்டது. ஆகவே மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை கூடிய ஊர்ச் சபையில் அவர் எழுந்து ஒரு விண்ணப்பம் வைத்தார்.

"சின்ன வண்டியா ஒண்ணு வாங்கிக் குடுங்க. கிளட்ச் மிதிச்சு கையால கியர் போடற வண்டி. பனியில வழுக்காம பிடிக்கிற பனி டயர் நாலு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் செய்த தப்பு அதுதான். ஒரு விஷயத்தை ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டால், வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இருநூறு பேர் என்ன செய்வது? மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

பிரெஸ்காட் வைமன் எழுந்தார். கனெக்டிகட்டில் காப்பீட்டுக் கம்பெனியில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்று எங்கள் ஊரில் குடியேறியவர். வந்து பன்னிரண்டு வருஷம்தான் ஆகிறது என்பதால் ஊருக்கு இன்னும் புது ஆள். அவரிடம் ஒரு வண்டி உண்டு. ஏறுவதற்குப் படி வேண்டும். உள்ளே, போகிற தரைக்குத் தக்கபடி திருப்பி வைக்க ஒரு திருகு இருக்கும். சேறு, மணல், பாறை, பனி என்று ஏழு படம் போட்டிருக்கும். அவர் அதைக் கடைக்குப் பால் வாங்கப் போக உபயோகித்தார். அந்த வண்டி வந்த ஆறு மாதத்தில் எங்கள் ஊரில் பாதிப்பேர் அதே மாதிரி வாங்கிவிட்டார்கள். நானும் வாங்கினேன், மறைப்பானேன்.

"அவசரப்படக் கூடாது," என்றார் வைமன். "முறையா ஆராயணும். குழு போடணும்."

குழு போடப்பட்டது. தலைவர் வைமன். உறுப்பினர், ஊரின் பனி தள்ளும் லாரியை ஓட்டும் எல்வின் கேஜ். ஊர் எழுத்தர் என்ற முறையில் நடவடிக்கைக் குறிப்பு எழுத அடியேன்.

இத்தனைக்கும் நடுவே ஆரின் டட்டனின் இடது கால் இருந்தது. ஆரின் மரம் வெட்டுகிறவர். அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் மேப்பிள் கட்டை ஒன்று உருண்டு வந்து அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. உடம்பில் சர்க்கரை வேறு. புண் ஆறவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை கட்டு மாற்றாவிட்டால் கணுக்காலோடு எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆரின் வீடோ பட்டர்நட் ரோட்டின் உச்சியில். எங்கள் ஊரிலேயே செங்குத்தான ரோடு அது. அடுத்த பனிக்காலத்தில் நர்ஸம்மா மேலே ஏறினால் கால் இருக்கும், ஏறாவிட்டால் போகும். இது எல்லோருக்கும் தெரியும். குழுவின் கோப்பில் மட்டும் இல்லை.

முதல் கூட்டத்தில் பனி என்றால் என்ன என்பது வரையறுக்கப்பட்டது. இரண்டாம் கூட்டத்தில் மேடு. மூன்றாம் கூட்டத்தில், ஜூன் முப்பதுக்குள் அறிக்கை சமர்ப்பித்தாக வேண்டியிருப்பதால் வண்டிகளின் பனிச் சோதனையை ஜூனில் நடத்துவதென்று தீர்மானிக்கப்பட்டது.

"ஜூன்ல பனி இருக்காதே," என்றார் எல்வின்.

"அது குழுவோட குறை இல்லை."

"குறைன்னு யாருங்க சொன்னா? பனி இல்லைன்னுதான் சொன்னேன்."

"அப்ப பனிக்குச் சமமான பொருள் ஒண்ணைக் கண்டுபிடிங்க."

எல்வின் நல்ல மனிதர். பக்கத்து ஊர்ச் சறுக்கு மைதானத்துக்குப் பின்னால் சுரண்டிக் கொட்டிய ஐஸ் குவியலை லாரியில் அள்ளி வந்து பட்டர்நட் ரோட்டில் பரப்பினார். வைமன் குடையும் குறிப்பேடுமாக வந்து சேர்வதற்குள் அது உருகி ஓடையில் போய்விட்டது. சோதனைக்கு வந்த ஆறு வண்டிகளும் ஈர ரோட்டில் ஜம்மென்று ஏறின. "சோதனைக்குட்பட்ட வாகனங்கள் யாவும் பனிக்குச் சமமான பரப்பில் திருப்திகரமாக இயங்கின" என்று நானே என் கையால் எழுதினேன். பொய் ஒன்றும் இல்லையே?

பிறகு கியர் விவகாரம். ரொவீனாவை விசாரணைக்கு அழைத்தார்கள்.

"இந்தக் காலத்துல கையால கியர் போடறதை யாரும்மா ஓட்டுவா?" என்றார் வைமன்.

"நான் ஓட்டுவேன்."

"நீங்க இல்லாத நாள்ல?"

"நான் இல்லைன்னா நர்ஸும் இல்லை சார். வண்டி மட்டும் போய் ஆரினுக்குக் கட்டு போடுமா?"

"வண்டி தானாவே கியர் மாத்தும்போது நீங்க ஏன் சிரமப்படணும்?"

"பட்டர்நட் ரோட்டுல இறங்கும்போது ரெண்டாவது கியர்ல பிடிச்சு வெச்சேன்னா பிரேக்கே தொட வேண்டாம். என்ஜினே அடக்கிக்கும். மேல ஏறும்போது பாதி வழியில தானா கியர் மாறினா சக்கரம் வழுக்கிடும். பதினெட்டு வருஷமா ஏறி இறங்கறேன் சார், எனக்குத் தெரியாதா?"

"அது தனிப்பட்ட அனுபவம்," என்றார் வைமன் மரியாதையாக. "குழுவுக்குத் தேவை ஆதாரம்."

"சரி, கியர் எப்படியோ போகட்டும். பனி டயராவது போட்டுக் குடுங்க."

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்குத் தனியா பனி டயர் எதுக்கு? குடை பிடிச்சவன் மழைக்கோட்டும் போடுவானா?"

"நான் போடுவேன்," என்றார் எல்வின். அதை நான் குறிப்பில் சேர்க்கவில்லை.

நவம்பரில் வண்டி வந்தது; அதுவரை ரொவீனா கண்டவர் வண்டியில் தொற்றிக்கொண்டு போய்வந்தார். வைமன் வைத்திருப்பதைவிட ஒரு சாண் உயரம். திருகில் ஒன்பது படம். ஸ்டியரிங் தானே சூடாகும். பின்பக்கம் ஊர் முத்திரை. எல்லோரும் போய்த் தொட்டுப் பார்த்தோம். அடடா, என்ன வழவழப்பு! ரொவீனா மட்டும் டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் வரும் நன்றித் திருநாளுக்கு முந்தைய நாள் முதல் பனி விழுந்தது. ரொவீனா ஒன்பதில் பனிப் படத்துக்குத் திருகி வைத்துவிட்டுப் பட்டர்நட் ரோட்டில் ஏறினார். முக்கால் தூரத்தில் வண்டி நாலு சக்கரத்தையும் ஒரே சமயத்தில் சுழற்றிவிட்டு, அதே கம்பீரத்துடன் பின்னோக்கிக் கிளம்பி, சாக்கடைப் பள்ளத்தில் போய்ச் சாய்ந்தது. எல்வின் சங்கிலி போட்டு இழுத்தார். ரொவீனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மிச்சத் தூரம் நடந்தே போய்க் கட்டு மாற்றினார். இரண்டு மணி நேரம் தாமதம். ஆரின் கட்டு நனைந்து ஊறிப் போயிருந்ததாம்.

குழு அவசரமாகக் கூடியது.

"டயர்," என்றார் எல்வின்.

"பொறுங்க." வைமன் வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்தார். "பராமரிக்கப்பட்ட எல்லா ரோட்டிலும் ஏறும்னு தெளிவா போட்டிருக்கு. நம்ம வண்டி பட்டர்நட் ரோட்டில் ஏறலை. ஆகவே?"

"ஆகவே டயர்."

"ஆகவே அது பராமரிக்கப்பட்ட ரோடு இல்லை."

எல்வின் முகம் சிவந்தது. "விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சுப் பனி தள்ளறேன்யா நான்!"

"உங்க உழைப்பை யாரும் குறை சொல்லலை. ரோடுதான் ஒத்துழைக்கலை."

எங்கள் பக்கத்தில் ரோடுகளுக்கு வகுப்பு உண்டு. நான்காம் வகுப்பில் போட்டுவிட்டால் பனிக்காலத்தில் ஊர் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். பனியும் தள்ள வேண்டாம், மணலும் போட வேண்டாம். வைமன் சிறப்புச் சபையைக் கூட்டித் தீர்மானத்தை வாசித்தார். பட்டர்நட் ரோடு நான்காம் வகுப்புக்கு மாற்றப்படுகிறது. அங்கே ஏறாததற்காக மேற்படி வாகனத்தை எவரும் குறைகூற இயலாது.

ஆரின் கம்பை ஊன்றி எழுந்தார். எல்வின் தன் லாரியில் அவரை ஏற்றிக் கூட்டி வந்திருந்தார்.

"தலைவரே, என் கால் போயிடும். புரியுதா உங்களுக்கு? வண்டி மானம் போகக் கூடாதுன்னு என் காலை எடுக்கறீங்க."

சபை கொஞ்சம் நெளிந்தது. எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

"அது சரி, என் ரோட்டுக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை?" என்றார் ஆரின் விடாமல்.

காப்பீட்டுக்காரருக்கு அது சுருக்கென்று தைத்தது. பாரபட்சம் என்று வழக்கு வந்தால்? உடனே பேனாவை எடுத்துத் திருத்தினார். "ஊர் வாகனம் ஏறாத ரோடு எதுவாயினும் நான்காம் வகுப்பே" என்று பொதுவாக எழுதி வாசித்தார். "இப்ப எல்லாருக்கும் ஒரே நீதி. ஏற்போர் ஆம் என்க."

எல்லோர் மனதிலும் ஆரின் ரோடுதான் இருந்தது. பக்கத்து அறையில் ஆப்பிள் பணியாரம் ஆறிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் அதே மாதிரி வண்டி நிற்கிறவன் எந்த வாயால் அதை மட்டம் என்பான்? "ஆம்!" என்று கூரை அதிர்ந்தது.

"மறுப்போர் இல்லை என்க."

"இல்லை," என்றார் ஆரின். தனிக் குரல். எல்வின் வாயைத் திறக்கவேயில்லை, ஊர்ச் சம்பளம். பக்கத்து ஊர்க்காரியான ரொவீனாவுக்கு ஓட்டே கிடையாது. பின்வரிசையில் உட்கார்ந்து எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைமன் நேர்மையானவர். தீர்மானத்தை அமல்படுத்த, அடுத்த வாரமே வண்டியை ஊரின் முப்பத்தோரு ரோட்டிலும் ஓட்டிச் சோதித்தார். இந்தத் தடவை பனி தாராளமாக இருந்தது. இருபத்தெட்டு ரோட்டில் ஏறவில்லை. அவற்றில் ஒன்று அவருடையது. இருபத்தெட்டையும் நான்காம் வகுப்பாக்கிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்துவிட்டு குளிர் அண்டாத ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பிவிட்டார், ஏப்ரலில் திரும்புவதாக.

எல்வின் லாரியை நிறுத்திவிட்டுக் கொட்டகையில் சீட்டாடுகிறார். "தீர்மானம் தீர்மானம்தான்," என்கிறார். ரொவீனா தன் பையையும் பூனையையும் எடுத்துக்கொண்டு பனிக்காலணியில் நடந்து, பட்டர்நட் உச்சியில் ஆரின் வீட்டுக்கே குடிபோய்விட்டார். ஒரு வீட்டுக்காவது ஒழுங்காக வைத்தியம் பார்க்க வேண்டுமானால் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கோப்பில் இருக்கிறது.

என் வீடு ஸ்டாக்கர் மேட்டில். அந்த ரோடும் இருபத்தெட்டில் ஒன்று. போன வியாழக்கிழமை விறகு எடுக்கப் போய்ப் படியில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. என் வண்டி வாசலைத் தாண்டவில்லை. இடது கையால் போன் போட்டேன்.

"ஐயோ, ரொம்ப வலிக்குதா?" என்றார் ரொவீனா. "விரலை அசைக்க முடியுதா?"

"கொஞ்சம். எப்ப வருவீங்க?"

"ஆரினுக்குக் கட்டு மாத்திட்டுக் கிளம்பறேன். கால் நல்லா ஆறிட்டு வருது, தெரியுமா? நடந்துதானே வரணும், நாளைக்கு மத்தியானம் ஆயிடும். அதுவரைக்கும் வீக்கத்து மேல ஐஸ் வைங்க."

"வீட்டுல ஐஸ் இல்லையேம்மா."

 பின்னால் ஆரின் சிரிப்பது கேட்டது.

"வாசலைத் திறந்து உங்க ரோட்டுல கொஞ்சம் அள்ளிக்குங்க," என்றார் நர்ஸம்மா.