பொம்மைக்கும் கறை உண்டு

மரச்சாமான் கடைக்கு மேலே இருந்த மாடிக் கூடத்துக்குப் படியேறும் பெண்களின் வரிசை காலையிலேயே தெருமுனையைத் தொட்டுவிடும். எல்லோரும் கறை ஐயாவைப் பார்க்க வந்தவர்கள். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கலாம். புகழ் வந்த பிறகு பெயர் எதற்கு?

மார்பகப் புற்றுநோயை அது வருவதற்கு முன்பே கண்டுபிடித்து அழித்துவிடுவார் ஐயா. மற்ற டாக்டர்கள் நோய் வந்தவர்களுக்குத்தான் வைத்தியம் பார்ப்பார்கள். ஐயா அவ்வளவு குறுகிய மனம் படைத்தவர் அல்ல. வராதவர்களுக்கும் பார்ப்பார். வராத நோயைக் குணப்படுத்துவதில் அவர் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

அவர் நாற்காலிக்கு மேலே ஒரு பத்திரிகைச் செய்தி கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. ஆரோக்கியமான மார்பகத் திசுவிலும் மரபணுக்களின் மேல் இருக்கும் வேதி அடையாளங்கள் மாறியிருக்கின்றன, புற்றுநோயின் தொடக்கம் அங்கே இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லியிருந்தார்கள். 'இருக்கலாம்' என்ற சொல்லின் மேல் மட்டும் சட்டத்தின் விளிம்பு விழுந்திருந்தது. செய்தி உண்மை. அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்தான் பொய்.

அந்த வரிசையில் ஒரு துணிக்கடைப் பெண்ணும் நின்றாள். கடை முகப்பில் இருக்கும் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது அவள் வேலை. அவளுடைய அக்கா இந்த நோயில்தான் போனாள். இப்போது குளிக்கும்போது அவள் மார்பிலும் பட்டாணி போல ஒன்று கையில் தட்டுப்பட்டது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ஐயாவிடம் போனால் போய்விட்டது என்று சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை.

ஐயா யாரையும் தொடமாட்டார். கண்ணியமானவர். ஒரு வெள்ளைத் துணி கொடுப்பார். அதை இரவு முழுக்க மார்பில் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டு, காலையில் கொண்டுவர வேண்டும். 'மரபணு நீர்' என்ற பழுப்பு நிறத் தண்ணீரில் அதை முக்குவார். துணி நீலமாகும்.

"பாத்தியாம்மா? உங்க அம்மா பட்ட கவலை, நீ பட்ட கோபம், எல்லாம் ஜீன்ல கறையா படிஞ்சிருக்கு."

பிறகு ஒரு மெஷின் தலைக்கு மேலே ரீங்காரம் போடும். அதற்குப் பெயர் கழுவல். கட்டணம் கிடையாது, நன்கொடை மட்டும்தான். நன்கொடை ஏற ஏறக் கறை இறங்கியது. ஆராய்ச்சி அப்படித்தான் நடக்கும்.

ஒருநாள் அவளிடம் கொடுத்த துணி மொடமொடவென்று விறைப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று கடை முகப்பில் நின்ற தலையில்லாத பொம்மையின் மேல் அதைக் குத்திவைத்தாள். வேலை அவசரத்தில் மறந்தே போனாள். காலையில் பதறிப்போய் அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினாள்.

முக்கினார் ஐயா. கருநீலம்.

கண்ணை மூடிக்கொண்டார். "இந்த நெஞ்சு ராத்திரி ஒரு பொட்டுத் தூங்கலை. அழுகையை உள்ளேயே அடக்கி வச்சிருக்கு."

தூங்கவில்லை என்பது சரிதான். கண் இருந்தால்தானே மூடுவதற்கு?

அன்று சாயங்காலம் சரக்கு வேன் ஓட்டும் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். துணிக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த நாத்தனார், கட்டி என்றதும் சிரிப்பை நிறுத்தினாள்.

"அண்ணி, கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அவர் குறைஞ்சுட்டு வருதுன்னு சொன்னாரேடி. ஒருவேளை பொம்மைய நான் தொட்டதால என் கறை அதுல ஒட்டியிருந்தா?"

நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சரி. அவர்கிட்டயே கேட்டுருவோம். அதுக்கப்புறம் நான் சொல்ற இடத்துக்கு வரணும்."

படுத்த படுக்கையாக இருக்கும் சொந்தக்காரிக்கு என்று சொல்லி நாத்தனாரே போய் ஒரு துணி வாங்கி வந்தாள். கையுறை போட்டுக்கொண்டு அதைப் பொம்மைக்குக் கட்டினாள். மறுநாள் கூடம் நிறைந்திருந்த நேரத்தில் துணி தண்ணீரில் இறங்கியது. நீலம்.

"பாவம், வாயைத் திறந்து எதையும் சொல்லாத பொண்ணு" என்றார் ஐயா. "மாமியார்கிட்ட நிறைய வாங்கிக் கட்டியிருக்கு. உடனே கூட்டிட்டு வாங்க."

"கூட்டிட்டுத்தான் வந்திருக்கோம்" என்ற நாத்தனார், கீழே போய் வேனிலிருந்து பொம்மையைத் தோளில் தூக்கிவந்து அவர் முன்னால் நிறுத்தினாள். "இவங்கதாங்க. மாமியார் யாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

பின்வரிசைப் பெண்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

"சதி!" என்று எழுந்தார் ஐயா. "யாரோ கட்டின துணி இது! யார் கட்டினாங்களோ அவங்க கறை!"

அப்போதுதான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த துணிக்கடைப் பெண் எழுந்தாள். மேஜையில் இருந்த புதுத் துணிக் கட்டைப் பிரித்தாள். ஐயாவின் இடுக்கியாலேயே ஒன்றை எடுத்து முக்கினாள். நீலம்.

"இதை யாரும் கட்டலையே ஐயா. இது யார் கறை?"

பக்கத்தில் 'கழுவல் முடிந்தவர்களுக்கு' என்று எழுதிய பெட்டி இருந்தது. அதிலிருந்தும் ஒரு புதுத் துணியை எடுத்து முக்கினாள், அது நீலமாகவில்லை.

முன்வரிசைப் பெண் ஒருத்தி இரண்டையும் விரலால் தேய்த்துப் பார்த்தாள். "இது கஞ்சி போட்டது, அது போடாதது. ஸ்கூல்ல சோத்துல அயோடின் ஊத்தினா நீலமாகும்னு காட்டுனாங்களே, அதுதானே இது!"

திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. ஐயா பின்படி வழியாக மேல் ஆராய்ச்சிக்குப் போயிருந்தார்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் மட்டும் கவலையாகக் கேட்டார்: "பொம்மைக்கே இவ்வளவு கறைன்னா, நம்ம கதி?"

ஆஸ்பத்திரியில் அவள் முதலில் கேட்டதும் அதைப் பற்றித்தான். "ஜீன் மேல அடையாளம் மாறுதுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே, அதெல்லாம் நிஜமா டாக்டர்?"

"நிஜம்தாம்மா. வயசாக ஆக எல்லாருக்கும் மாறுது. அதுல எது புத்துநோயாகும், எது சும்மா கிடக்கும்னு இன்னும் தேடிட்டு இருக்காங்க. அதைத் துணியில பாக்க முடியாது, மெஷின் வச்சுக் கழுவவும் முடியாது. அது கிடக்கட்டும். இந்தக் கட்டி எப்போலேர்ந்து இருக்கு?"

அவள் ஐயாவின் வரிசையில் நின்ற காலைகளை விரல்விட்டு எண்ணினாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புற்றுநோய்தான். ஆனால் பரவவில்லை. அறுவை சிகிச்சை நடந்தது. மருந்தில் முடி கொட்டியது, பிறகு முளைத்தது. அவள் வேலைக்குத் திரும்பினாள்.

ஒருநாள் கடைக்கு வந்த ஒரு பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டு அங்கலாய்த்தாள். "உன்னால அந்த ஐயா ஓடியே போயிட்டாரு. இப்ப நாங்க யாரைப் போய்ப் பாக்கறது?"

"டாக்டரைப் போய்ப் பாருங்கக்கா" என்றாள் அவள். "அங்கயும் சும்மா தலையாட்டிட்டு வராதீங்க. ஏன், எப்படின்னு கேளுங்க. பதில் தெரிஞ்சவங்க கேள்விக்குக் கோபப்பட மாட்டாங்க."