எங்கள் தெரு நதியான வரலாறு

எங்கள் தெருவின் நடுவே ஒரு நதி ஓடுகிறது என்பது, அதே தெருவில் பிறந்து, வளர்ந்து, கடையும் வைத்திருக்கும் எனக்கு, தொகுதி எல்லை மறுவரையறை ஆணையம் சொல்லித்தான் தெரிந்தது. அவர்கள் ஒட்டிவிட்டுப் போன வரைபடத்தில் அது நீல நிறத்தில் அழகாக வளைந்து ஓடியது. நதிக்கு இக்கரை ஒரு தொகுதி, அக்கரை இன்னொரு தொகுதி. இக்கரையில் என் மின்சாமான் கடை. அக்கரையில் அக்காவும் அத்தானும் நடத்தும் பேக்கரி.

அது நதி இல்லை, சாக்கடை. அதைத் தூர்வாரியதாக யாருக்கும் நினைவில்லை. மழை பெய்து, அடைத்துக்கொண்டு, தெருவெல்லாம் தண்ணீர் பரந்து நின்ற ஒரு நாளாகப் பார்த்து மேலேயிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். மேலேயிருந்து பார்ப்பவர்களுக்கு நாற்றம் தெரியாது.

எங்களுக்கு அதை நதி என்று சொன்னதில் வருத்தமில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் சாக்கடையே எல்லை ஆகிவிட்டால், அது அந்தத் தொகுதியுடையது என்பார் இந்தத் தொகுதி உறுப்பினர். இந்தத் தொகுதியுடையது என்பார் அந்தத் தொகுதி உறுப்பினர். அப்புறம் அதில் மண்வெட்டி படாது. ஒவ்வொரு மழைக்கும் அக்கா மாவு மூட்டைகளைக் கட்டில்மேல் படுக்கவைத்துவிட்டு, தான் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறவள். தெரு முழுசாக ஒரே தொகுதியில் இருந்தால், சட்டையைப் பிடித்துக் கேட்க ஓர் ஆளாவது மிஞ்சுவார்.

ஆகவே அக்கா, அத்தான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நான், எல்லோருமாக ஆணையத்தின் சமூகப் பிணைப்புப் பிரிவுக்குப் போனோம். இந்த வருஷம் எல்லா அலுவலகங்களிலும் 'பிணைப்பு'தான். போன வருஷம் அதே அறைக்கு 'நல்லிணக்கப் பிரிவு' என்று பெயர். அதற்கு முன்னால் 'மகிழ்ச்சிப் பிரிவு'. பழைய எழுத்துகள் பெயிண்டுக்கு அடியில் இன்னும் தெரிந்தன. நாற்காலியும் அதிலிருந்த துணை இயக்குநரும் மட்டும் மாறவில்லை.

"சார், அது சாக்கடை," என்றேன்.

"இருக்கலாம். ஆனா நீலமா இருக்கே."

"நேர்ல வந்து பாத்தா கறுப்பா இருக்கும் சார்."

"எங்ககிட்ட நீர்நிலைக்கு நீலம் மட்டுந்தான் இருக்கு."

அக்கா முன்னால் வந்தாள். "ஒண்ணா இருக்கற ஜனங்களைப் பிரிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்காமே?"

"தாராளமா இருக்கு. நீங்க ஒரே சமூகம்னு காட்டுங்க, கோட்டை நகர்த்திடறேன். ஆதாரம் என்ன?"

"நாங்க ஒத்துமையா இருக்கோம். ஒருத்தரால ஒருத்தருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "அங்கதான் இடிக்குது. தொந்தரவே இல்லைன்னா தொடர்பே இல்லைன்னு ஆகுது. ரயில்ல பக்கத்துல உக்காந்து வர்றவங்ககூடத்தான் தொந்தரவு பண்றதில்ல. அவங்களுக்கு ஒரு தொகுதி குடுக்க முடியுமா?"

"அப்ப சண்டை போட்டாத்தான் சமூகமா?" என்றார் அத்தான்.

"முன்பின் தெரியாதவங்களோட யாராவது வருஷக்கணக்கா சண்டை போடுவாங்களா? மரக்கடைத் தெருவுல கோடு போடப் போனோம். எங்களை யார் முதல்ல துரத்தறதுன்னு அவங்களுக்குள்ளயே அடிச்சுக்கிட்டாங்க. என்ன ஒரு பிணைப்பு! அந்தத் தெருவை அப்படியே முழுசா விட்டுட்டோம்."

நேரில் வந்து கள ஆய்வு செய்வதாகச் சொல்லி எங்களை அனுப்பிவைத்தார்.

திரும்பும் வழியிலேயே முடிவாகிவிட்டது. சண்டை போட வேண்டும். தலைமையாசிரியர் வசனம் எழுதிக் கொடுத்தார். அக்கரைக்கு அக்கா, இக்கரைக்கு நான். "உன் கடைக் குப்பையால் அல்லவா சாக்கடை அடைபடுகிறது!" என்பது அக்காவின் வசனம். "உன் அடுப்புச் சாம்பலை மறந்துவிட்டாயோ!" என்பது என்னுடையது. ஒத்திகையில் அக்காவால் என் முகத்தைப் பார்த்துத் திட்ட முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் 'உன் கடை' என்று ஆரம்பித்துச் சிரித்துவிடுவாள். அப்புறம், பாவம் தொண்டை வறண்டிருக்கும் என்று எனக்கு டீயும் சூடாக ஒரு பன்னும் கொடுப்பாள்.

துணை இயக்குநர் வந்தார். நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அக்கா தன் வசனத்தைச் சொன்னாள். நான் என்னுடையதைச் சொன்னேன். அவர் கொட்டாவி விட்டார். போச்சு, கோடு போட்டுவிடுவார் என்று அக்கா பதறிப்போய் வசனத்தில் இல்லாத ஒன்றை எடுத்துவிட்டாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ வந்து எட்டிப் பாத்தியாடா? கடைய மூட முடியாதுன்னு சொன்னவன்தானே நீ?"

எனக்குச் சுருக்கென்றது. துணை இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வந்தேனே! வாசல்லயே நிறுத்தி, தூங்கறாங்க, அப்புறம் வான்னு திருப்பி அனுப்பினது யாரு? உன் வீட்டுக்காரர்தானே?"

"என்னை எதுக்குடா இழுக்கறே?" என்று மாவுக் கையோடு வந்தார் அத்தான்.

"ஐயோ, வசனம்! வசனம்!" என்று கெஞ்சினார் தலைமையாசிரியர்.

"நீங்க பேசாதீங்க சார், என் பிள்ளையை ஃபெயிலாக்கினவர்தானே!" என்று மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

அதற்கப்புறம் யார் எந்தக் கரை என்றே தெரியவில்லை. எல்லோரும் எல்லோரையும் பிடித்துக்கொண்டார்கள். துணை இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் சர்வீஸ்ல இப்படி ஒரு சமூகத்தைப் பாத்ததில்ல," என்றார்.

உத்தரவு வந்தது. 'பிரிக்கவொண்ணாப் பிணைப்புடைய பகுதி' என்று சான்றளித்து, கோட்டைத் தெருவுக்கு வெளியே தள்ளிப் போட்டிருந்தார்கள். வென்றுவிட்டோம். வெற்றியைக் கொண்டாடத்தான் யாரும் யாரோடும் பேசவில்லை. அக்கா என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். எனக்கு நிஜமாகவே வலித்தது. பன் வாங்க வேறு தெருவுக்குப் போனேன். வாயில் வைக்க முடியவில்லை.

தேர்தலும் நடந்தது. சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரே ஓர் ஆள் கிடைத்தார். அவரும் வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரே மனுவா குடுங்க, ஆளுங்களை அனுப்பறேன்," என்றார். யார் கையெழுத்து மேலே வருவது என்பதில் மனு நின்றுவிட்டது. எங்களைப் பிரித்தே விடுங்கள் என்று இரண்டு கரைக்காரர்களும் தனித்தனியாக ஆணையத்துக்கு எழுதிப் பார்த்தோம். இவ்வளவு நெருக்கமான சமூகத்தைப் பிரிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது.

பிறகு மழை வந்தது. மழை ஓய்ந்ததும் மேலேயிருந்து மறுபடி படம் எடுத்தார்கள். புது வரைபடத்தில் நதியைக் காணோம். கோடியிலிருந்து கோடிவரை தெருவே நீலம். ஏரி. நீர்நிலைக்குள் வாக்காளர்கள் வசிப்பதில்லை என்ற விதியின்படி எங்கள் எல்லோர் பெயரையும் எடுத்துவிட்டார்கள். ஒருவரையும் பிரிக்கவில்லை. மொத்தமாகச் சேர்த்தே நீக்கியிருந்தார்கள்.

இதை எதிர்த்து நாங்கள் கிளம்புவதற்குள் மீன்வளத் துறையிலிருந்து ஒருவர் வந்துவிட்டார். ஏரிக்கு ஒரு படகுத்துறை ஒப்புதலாகியிருக்கிறதாம். விளக்குக் கம்பங்கள், பெஞ்சுகள், சுற்றுலாப் பயணிகள். "எந்தப் பக்கம் கட்டலாம்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், வாக்கு விஷயம் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. எங்கள் பக்கம்தான் என்றேன். விளக்கெல்லாம் என் கடையில் வாங்குவார்கள் அல்லவா? எங்கள் பக்கம்தான் என்று அங்கேயிருந்து அத்தான் கத்தினார். படகில் வருகிறவர்களுக்குப் பசிக்காதா என்பது அவர் வாதம். கேக் வகைகளின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒரு பலகையும் மாட்டிவிட்டார்.

இந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்து நின்றது. மண்வெட்டி, மூங்கில் கழி, கூடைகளோடு ஆட்கள் இறங்கினார்கள். உறுப்பினரே எங்கள் மனுவுக்குக் காத்திருந்து பார்த்து, சலித்துப்போய்த் தானாகவே போட்ட உத்தரவாம்.

"சாக்கடை அடைப்பு எடுக்க வந்திருக்கோம். ஒரு நாள் வேலைதான். தண்ணி மொத்தமா வடிஞ்சிடும்," என்றார் மேஸ்திரி.

ஏரி வடிந்தால் படகுத்துறையும் போய்விடும். முதலில் தண்ணீரில் இறங்கியது அக்கா. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரிக்கு முன்னால் போய் நின்றாள். "எங்க ஏரியில யாராவது கை வச்சீங்க, நடக்கறதே வேற!"

நானும் இறங்கினேன். அத்தான் இறங்கினார். தலைமையாசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டு கரையும் வசனம் இல்லாமலே ஒரே குரலில் கத்தியதில் மேஸ்திரி பின்வாங்கி லாரியில் ஏறிக்கொண்டார்.

முழங்கால் வரைக்கும் கறுப்புத் தண்ணீர். காலுக்கடியில் என்னவோ நழுவிற்று. தடுமாறினேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அக்கா என் கையைப் பிடித்தாள்.

"கெட்டியா பிடிச்சுக்கோடா தம்பி," என்றாள். "ஏரி ஆழமா இருக்கு."