மாமாவின் இடது காலுக்கு ஒரு மன்னிப்பு

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, தங்கள் மருமகன் தலை நிமிராமல் எழுதிக்கொள்வது. நானும் தங்கள் மகளும் உடம்பளவில் சுகம். அத்தையின் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சின்ன வயதில் விபத்தில் வளைந்த தங்கள் இடது காலுக்கு எந்த ஷூவும் அமைந்ததில்லை என்பதால், நான் வடிவமைத்த ரோபோவைக் கொண்டே காலின் அச்சு செய்து ஷூ தைத்துத் தருகிறேன், ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுடலாம் என்று சாப்பாட்டு மேஜையில் ஜம்பமடித்தேன் அல்லவா, தாங்கள் அனுப்பிய கால் படங்களைப் பார்த்து ரோபோவும் முந்நூறு அட்டைகளை லேசரால் வெட்டி, பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முழுக் காலாக்கியது, அந்த அச்சில் தைத்த ஷூவும் போன மாசம் உங்களுக்கு வந்து சேர்ந்தது. போன வாரம் எங்க முதலாளி, வந்த விருந்தாளிங்க முன்னாடி தன் பேரை வெட்டி அடுக்க ரோபோவுக்குச் சொன்னார். பாருங்க, அத்தனை எழுத்தும் இடம் வலமா வந்து நிக்குது! பசை தடவ ரோபோ ஒவ்வொரு அட்டையையும் கவிழ்க்குது, கவிழ்த்தா உருவம் மாறிப்போகும்ங்கிறது இந்த மண்டைக்கு எட்டவே இல்லை. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு உங்க கால்தான் ஞாபகம் வந்துச்சு. ஐயோ, இடது காலுக்கு வலது கால் ஷூவை அனுப்பிட்டேனே! வளைஞ்ச காலுங்கிறதால, அச்சைக் கையில எடுத்துப் பார்த்தும் எனக்கு வித்தியாசம் தெரியலை. மருமகன் மனசு நோகுமேன்னு ஒரு மாசமா பல்லைக் கடிச்சுக்கிட்டு நடக்கறீங்களா மாமா? "அப்பா எதையும் பொறுத்துக்குவார், அதுக்காக இதையுமா?"ன்னு உங்க மகள் கேட்டா. வெட்கத்துல சாப்பாடு இறங்கலை.

ரோபோவைச் சரிபண்ணி, மறுபடி அச்சு வெட்டி, புது ஷூ காலையிலேயே பார்சலில் கிளம்பிடுச்சு. பழசைக் குப்பையில் போட்டுடுங்க.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசியைக் கேட்கும் தகுதி இப்போது எனக்கில்லை, பிறகு வாங்கிக்கொள்கிறேன்.

தங்கள் மருமகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், உங்க கடிதம் வந்தது. "மாப்பிள்ளை, ஷூ கச்சிதம். ஊன்றுகோல் இல்லாமல் நடந்துபோய் நானே இதைத் தபாலில் போடுகிறேன். குனிய முடியாமல், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்த காலைத்தான் படம் எடுத்தேன், பரவாயில்லையே?"ன்னு எழுதியிருக்கீங்க. படிச்சதும் அழுதுட்டேன். கண்ணாடியில இடம் வலமா விழுந்த படத்தை ரோபோ மறுபடி கவிழ்த்து நேராக்கியிருக்கு, அதைப் போய் நான் சரிபண்ணித் தொலைச்சிருக்கேன்! இவ்வளவு வெட்கப்பட்டு எழுதினதைக் கிழிக்க மனசு வரலை, அப்படியே அனுப்பறேன். பழசைக் குப்பையில் போட்டுடாதீங்க. புதுசு வந்தா, மரியாதைக்குக்கூட அதுல காலை விட்டுடாதீங்க மாமா.